அடுக்களையில் தோகா நேரம்

இக்கா,

டாக்ஸி வந்துவிட்டது. நீங்கள் பள்ளிவாசலிலிருந்து வராமல் வேண்டுமென்றே தாமதிக்கிறீர்கள், தெரியும். மத்திக் குழம்பு சட்டியில் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரி மேல்.

நம் மகள் ஷஹ்னாவின் பிரசவத்துக்குத்தான் போகிறேன், ஓடிப்போகவில்லை. “தோகா என்ன தூரமா? நாலரை மணி நேரம்தானேடி, எதுக்கு அழுவுறே?” என்று இருபத்திரண்டு வருஷம் பெட்டி தூக்கியவர் நீங்கள். நான் போகும்போது மட்டும் மூவாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டதா?

ஒன்பதுக்குக் கிளம்பி அங்கே பதினொன்றுக்கு இறங்குவேன். இங்கே அப்போது ஒன்றரை. அதற்குள் போன் அடித்துப் பதறாதீர்கள்.

ருக்கியா

பி.கு. வேலையை விட்டு ஊரோடு வந்த அன்றே, “ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுது” என்று அடுக்களைக் கடிகாரத்தைத் திருத்தினீர்களே, அது சரியாகத்தான் ஓடியது. நீங்கள் அங்கே சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று அதில்தான் பார்ப்பேன். மறுபடி பின்னால் திருப்பி வைத்திருக்கிறேன். இனி நீங்கள் பாருங்கள்.