கோடு போட்ட பை

அன்புத் தங்கச்சிக்கு,

டெய்லர் அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் கேட்க வாய் வரவில்லை. நீ தைக்கக் கொடுத்துவிட்டுப் போன சட்டையை வயிற்றுப் பக்கம் தளர்த்தித் தைத்து, அதற்குள் இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். உன் அக்கா வீட்டில் யார் கையிலும் கொடுக்காமல் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கொண்டுவருகிறவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது படி. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் மருந்து. நீ கிளம்பும்போது உன்னிடம் முப்பது மாத்திரை இருந்தது. இன்றோடு இருபத்திரண்டு நாள். ஒழுங்காகப் போட்டிருந்தால் இன்னும் எட்டுத்தான் மிச்சம் இருக்கும். போடாமல் மொத்தமும் அப்படியே இருக்குமோ என்று நினைத்தாலே எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. உனக்கு ஏழாம் மாதம். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும் மாத்திரையை விடாமல் போட்டால் குழந்தைக்கு வராமல் தடுத்துவிடலாம் என்று நர்ஸம்மா சொன்ன அன்று, "நெஜமாவா, நெஜமாவா" என்று நீ நாலு தடவை கேட்டாய். அதை மறந்துவிடாதே.

இந்தத் தெருவைப் பற்றி எழுதவே அருவருப்பாக இருக்கிறது. மளிகைக்கடை அம்மா நீ வழக்கமாக உட்காரும் ஸ்டூலைப் பினாயில் ஊற்றிக் கழுவினாளாம். கழுவியதோடு விட்டாளா? ஏதோ ஊரையே காப்பாற்றிவிட்டவள் மாதிரி சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் மாமியார் உன் தட்டையும் டம்ளரையும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். உன் வீட்டுக்காரருக்கும் அதே நோய், அவரும் அதே மாத்திரைதான் போடுகிறார். அது உனக்கும் தெரியும், உன் மாமியாருக்கும் தெரியும். ஆனால் அவர் தட்டு மட்டும் அடுப்படியில் பளபளவென்று இருக்கிறது. அந்த மனிதர் அதில் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போகிறார். எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ தெரியவில்லை.

நம் மகளிர் குழுத் தலைவி கதையைக் கேள். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியது நாங்கள். போட்டோ எடுக்கும்போது நடுவில் நிற்பது அவர். போன வாரக் கூட்டத்தில், "ஒரு கேஸ் போனா போகட்டும், குழு பேரு கெடக்கூடாது" என்றார். கேஸாம்! எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எல்லோரையும் காறித் துப்பியாகிவிட்டது. இனி என் முறை.

பரிசோதனைச் சீட்டும் சத்து மாத்திரையும் வைத்துக்கொள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் நான் நீலத் துணியில் பை தைத்துக் கொடுத்தேன் அல்லவா? உன் மாத்திரை மட்டும் டப்பாவில் வந்தது. "நடக்கும்போது கிலுகிலுன்னு சத்தம் கேக்குது அக்கா, பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்று நீ வந்து நின்றாய். உடனே இந்த மேதாவி, டப்பா குலுங்காதபடி உள்ளே பஞ்சு வைத்துப் பாக்கெட் தைத்த பை ஒன்றைக் கண்டுபிடித்தாள். நீலத் துணி தீர்ந்துபோயிருந்தது. யாரோ திரைச்சீலைக்குக் கொடுத்து மிஞ்சிய கோடு போட்ட துணி கிடந்தது. அதில் நாலு பை தைத்தேன். இதே மாத்திரை வாங்கும் உங்கள் நாலு பேருக்கும் கொடுத்துவிட்டு அன்று முழுக்கப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு மளிகைக்கடை அம்மா என் தையல் கடைக்கு வந்தாள். அவள் மருமகளுக்கும் நீலப் பைதான் கொடுத்திருந்தேன். "கோடு போட்டதுதான் அழகா இருக்கு, எங்களுக்கும் அதையே குடு" என்று நின்றாள். எனக்கோ தலைக்கு மேல் வேலை, பாபினில் நூல் வேறு சிக்கிக்கொண்டிருந்தது. "அது உங்களுக்கு எதுக்கு, அது வேற மாத்திரைக்காரங்களுக்கு" என்று எரிந்து விழுந்தேன். அவ்வளவுதான். மறுநாள் மருமகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கோடு போட்ட பைகள் எந்த அறைக்குப் போகின்றன என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அது எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் அறை, சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

ஆகவே உன்னைக் காட்டிக் கொடுத்தது நர்ஸம்மா இல்லை. நான்தான்.

பஸ் நிறுத்தத்தில் நீ அழுதுகொண்டே, "நர்ஸம்மாதான் வெளிய சொல்லிட்டாங்க, இனிமே எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டேன்" என்றாய். உன் பெட்டியைக் கையில் பிடித்தபடி நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு தடவை வாயைத் திறந்து கெடுத்தேன், அடுத்த தடவை வாயை மூடிக் கெடுத்தேன். ஸ்டூலைக் கழுவியவளைவிட நான் எந்த விதத்தில் உசத்தி, சொல்.

இதற்கிடையில் நர்ஸம்மாதான் வெளியே சொன்னார் என்று யாரோ மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார்கள். அவரை விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன். நர்ஸம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் பொண்ணு மாத்திரை போடுதா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உனக்கு ஒரு சீட்டு எழுதினார்.

மற்ற மூன்று பேரில் இருவர் வந்து மருந்து வாங்குகிறார்கள். ஒருத்தி வரவில்லை, நர்ஸம்மாவே அவள் வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறார். இப்போது எல்லாப் பையும் ஒரே துணி, எல்லாவற்றிலும் பஞ்சுப் பாக்கெட். இந்தப் புத்தி எனக்கு முதலிலேயே வந்திருக்கலாம்.

சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. அதில் நோயின் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நீ இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறதாம். திங்கட்கிழமை காலையில் அங்கே போய்க் காட்டு. இடையில் மாத்திரையை விட்டிருந்தால் மறைக்காமல் சொல். விட்டுப்போனதற்கெல்லாம் சேர்த்து நீயாக ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளாதே. வலி கண்டதும் வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. பிறந்தவுடன் குழந்தைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். கூட யாரும் வர மாட்டேன் என்றால் எனக்குச் சொல்லி அனுப்பு, முதல் பஸ்ஸில் வந்து நிற்பேன். என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று இருந்தால், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

என்னைத் திட்டு. பிள்ளை பிறந்த பிறகு ஊரெல்லாம் கேட்கும்படி என் பேரைச் சொல்லித் திட்டு, வந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் மேல் உள்ள கோபத்தை மாத்திரை மேல் காட்டாதே தங்கச்சி. வயிற்றில் இருப்பதற்கு நான் செய்தது எதுவும் தெரியாது.

நீயும் உன் பிள்ளையும் நல்லபடியாக நூறு வயது இருக்க வேண்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் கூசுகிற,
டெய்லர் அக்கா