மந்திரிக்கு என்னதான் வேண்டும்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மலையில் பால் வெட்டு இல்லை. என் வீட்டுக்காரருடைய சட்டை இரண்டும் இன்னும் கொடியில். ஈரம் காயவில்லை என்று எனக்கு நானே சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கருமாதி. வாங்க வேண்டியது: எள், தேங்காய், சூடம், வாழை இலை. உருமால் துணி எம்பிலிப்பிட்டியவில் இருக்கும் என் அண்ணன் கொண்டு வருவார்.

பின்னேரம் டீவி போட்டேன். சத்தம் குறைத்துத்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஏன்டி, கருமாதி முடியாத வீட்டுல டீவியா? லயத்துல என்ன பேசுவாங்க?"

"பேசுறவங்க வந்து எனக்கு ஒல வைப்பாங்களா? பாக்கிறதுன்னா உட்காருங்க. இல்லாட்டி கதவ சாத்திட்டுப் போங்க."

உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் உட்காரும் இடத்தில். எழுப்பி விடலாம் போல இருந்தது.

பாம்பு நாடகம். வேறு பேர் இருக்கிறது, லயத்தில் எல்லாருக்கும் பாம்பு நாடகம்தான். சிம்மாசனத்தைச் சுற்றி இறக்கை வைத்த பாம்பு கிடக்கும், உரிமை இல்லாதவன் ஏறினால் எரித்துவிடும். ராஜாவுக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். ராஜா தம்பி ருத்ரன் எந்நேரமும் கத்துவான், வாளை உருவுவான். மந்திரி தர்மசீலன் வெள்ளைத் தாடி, சத்தமே வராது. நாடே தம்பியைச் சந்தேகப்படுகிறது. நான் மந்திரியை.

அவர் இருந்தால் சண்டை பிடிப்பார். "மந்திரி நல்ல மனுஷன்டி. மெதுவா பேசுறவன் எல்லாம் கெட்டவனா?" மாதக்கணக்காக இதே சண்டை. ஒரு நாள் கோபத்தில் சோற்றுத் தட்டோடு எழுந்து வெளியே போனார், அந்தக் கிழவனுக்காக.

முடிவு தெரியாமல் போய்விட்டார். காலையில் நெஞ்சைப் பிடித்தவர், லொறியில் ஏற்றிக் கீழ் ரோட்டுக்குப் போகும் முன்னமே முடிந்தது. கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேலும்தான்.

ஜூன் 3, செவ்வாய்

மழை விடவில்லை. அடுப்பு பற்றவில்லை.

தோட்டத் தலைவர் வந்தார். (இனி த. என்று மட்டும் எழுதுவேன். முழுதாக எழுதினால் பற்றிக்கொண்டு வருகிறது.) இரண்டு கிலோ சீனி, தேயிலைப் பக்கட். கண்ணெல்லாம் ஈரம்.

"தங்கச்சி, நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். எல்லாம் நான் பாத்துக்கிறேன். உருமா மட்டும் மோகனுக்குக் கட்டிருவோம்."

மோகன் என் கொழுந்தன். அவருக்கு ஒரே தம்பி. கொள்ளி வைத்ததும் அவன்தான். கருமாதி அன்று யார் தலையில் உருமால் கட்டுகிறார்களோ அவர்தான் குடும்பத்துக்கு அடுத்த தலை. எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள் நிஷா, கஹவத்தையில் துணிக்கடை வேலை, கருமாதி முடியும் வரை லீவில் வீட்டில் நிற்கிறாள்.

கேட்டேன்: "அப்ப அவர் பேருக்கு வந்த வீடு?"

கீழே ரோட்டோரம் கட்டுகிறார்களே தனி வீடு, அதில் ஒன்று அவருக்கு விழுந்தது. பிறந்த நாள் தொட்டு இந்த லயத்துக் கூரை ஒழுகலில் கிடந்த மனுஷன். ஒவ்வொரு ஞாயிறும் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

"அதுவும் வாரிசு பேருக்குத்தான் போகும் தங்கச்சி. நம்ம மேனேஜர் தொரை சிங்கள ஆளு, குடும்ப விசயத்துல தலையிட மாட்டாரு. நான் யாரச் சொல்றனோ அவரத்தான் எழுதுவாரு. மோகன் ஒங்கள வெளிய தள்ளிருவானா?"

"என் பேர எழுதுனா என்ன? நானும் இதே தோட்டத்துலதான பால் வெட்டுறேன்?"

சிரித்தார். "முற ஒண்ணு இருக்கில்ல?"

போய்விட்டார். சீனியைத் தொடவில்லை.

இருட்டின பிறகு மோகன் குடித்துவிட்டு வந்து வாசலில் சத்தம். "எங்க அண்ணன் வீட்ட எவனாச்சும் தொட்டுப் பாருங்கடா! நான் இருக்கேன்டா!" செருப்பை எடுத்துக் காட்டினேன். போனான். வீட்டுக்கு இப்போதே சொந்தம் கொண்டாடுகிறான் நாய்.

ஜூன் 4, புதன்

மழை கொஞ்சம் விட்டது. பீலித் தண்ணீரில் துணி துவைத்தேன்.

நாடகத்தில் மந்திரி ராணிக்குச் சால்வை போர்த்துகிறான். "தேவி, தாங்கள் ஓய்வெடுங்கள். பாரத்தை நான் சுமக்கிறேன்." ராணி ராஜமுத்திரை மோதிரத்தைக் கழற்றப் போகிறாள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த காம்பராப் பிள்ளை எழுந்துவிட்டது. "குடுக்காதடி மூதேவி!"

நிஷா: "அம்மா, அது நாடகம்."

"அந்தக் கெழவனுக்கு என்னதான் வேணும்னு சொல்லு பாப்போம். சிம்மாசனமா? ஏறுனா பாம்பு எரிச்சிரும். அவனே ஏற மாட்டான்."

"அப்ப?"

"ஏறுறவன் அவன் ஆளா இருக்கணும். அதுதான் வேணும்."

சொன்ன பிறகுதான் த. நினைவு வந்தது. மோகன் உருமால் கட்டினால் த.வுக்கு என்ன? அவருக்கு என்ன லாபம்? மந்திரி சும்மா சால்வை போர்த்துவானா?

ஜூன் 5, வியாழன்

வெயில். வேலைக்குப் போனேன். அட்டைக்கடி.

கடையில் சூடம் வாங்கும்போது கடைக்கார மெனிக்கே அக்காவிடம் நாடகத்தைப் பற்றித்தான் பேச்சு. சிங்களத்தில் இதே நாடகம் கொஞ்சம் முன்னால் ஓடுகிறது. மந்திரியைத் திட்டினேன். "நே நே, எமதி ஹொந்த மினிஹெக்" என்று சிரித்தார். மந்திரி நல்லவனாம். சூடத்தை வாங்கிக்கொண்டு பதில் பேசாமல் வந்துவிட்டேன். எல்லாரும் அவர் கட்சி.

வரும் வழியில் பாக்கியம் அக்கா.

"மோகனுக்குத்தான் போன வருசமே வீடு குடுத்துட்டாங்களே. ஒரு ஆளுக்கு ரெண்டு குடுப்பாங்களாடி?"

"குடுக்க மாட்டாங்க."

"அப்ப இது?"

அப்படியென்றால் இது அடுத்த ஆளுக்கு. வீட்டுக்குக் காத்துக்கொண்டிருப்பவர்களில் அடுத்த பேர் யாருடையது என்று எங்கள் தோட்ட டிவிஷனுக்கே தெரியும். த.வின் மருமகன்.

ரோட்டில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாக்கியம் அக்கா என் வாயைப் பொத்தினார். கையைக் கடித்துவிட்டேன் போல. பிறகு மன்னிப்புக் கேட்கவேண்டும்.

செத்தவன் வீட்டுக்குச் சீனியும் தேயிலையும் தூக்கி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இதையெல்லாம் யோசித்திருக்கிறான்.

ஜூன் 6, வெள்ளி

மோகனைக் கூப்பிட்டேன். காலை, குடிக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றான், அவர் சாயல். அதுவும் எரிச்சல்.

"ஒனக்கு த. என்ன சொன்னாரு?"

"உருமா மட்டும் கட்டிக்க, வீட்ட ஒன் பேருக்கு எழுதிட்டு அப்பறம் அண்ணி பேருக்கு மாத்திக்கலாம்னு சொன்னாரு அண்ணி. ஒங்களுக்காகத்தான் சரின்னேன்."

"ஒனக்குத்தான் வீடு இருக்கே. ரெண்டாவது எப்படி எழுதுவாங்க?"

மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

இவனைத்தான் நான் திருடன் என்று நினைத்தேன். கத்துகிறவனைச் சந்தேகப்படாதே என்று நாடகம் பார்த்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேன். என் வாசலில் கத்தினவனுக்குச் செருப்பைக் காட்டினேன்.

"நான் தொரைகிட்ட போயி சொல்றேன் அண்ணி."

"நீ சிங்களத்துல ஒளறிட்டு வருவ, த. பக்கத்துல நின்னுக்கிட்டு வேற மாதிரி சொல்லிக் குடுப்பாரு. ஞாயித்துக்கிழம நான் பாத்துக்கிறேன். நீ வாய மட்டும் தொறக்காத."

ராத்திரி நாடகம். விஷம் வைத்தது ராணியின் தோழி. மந்திரி நல்லவனாம்! மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறானாம். எழுதினவனுக்கு மனுஷரைப் பற்றி என்ன தெரியும்?

அப்போ அவர் சொன்னதுதான் சரி. ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பார். தேத்தண்ணி கொடுக்கும்போது, படுக்கும்போது, மலைக்கு ஏறும்போது. "யாரு சொன்னது சரி? சொல்லு, யாரு?" கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள ஆள் இல்லை. டீவியை அணைத்துவிட்டு இன்றைக்குத்தான் நன்றாக அழுதேன்.

த.வையும் அப்படித்தான் நல்ல மனுஷன் என்பார். அதில் மட்டும் அவர் தோற்றார்.

ஜூன் 7, சனி

அண்ணன் வந்தார். உருமால் துணி நல்லது, கரை போட்டது. யாருக்கு என்று நான் சொல்லவில்லை. பயந்த ஆள். முன்னமே சொன்னால் பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

நிஷாவிடம் மட்டும் சொன்னேன். முதலில் முடியாது என்றாள். "எல்லாரும் சிரிப்பாங்கம்மா." பிறகு தலையை நன்றாகக் கழுவி வாரிக்கொண்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஆற்றில் காரியம் முடிந்து வந்தார்கள். வாசலில் மணை போட்டாயிற்று. டிவிஷன் முழுக்க ஆள். நான் உள்ளே மூலையில் இருக்க வேண்டிய ஆள், இருந்தேன்.

த. எழுந்து பேசினார். அந்த மெதுவான குரல். "இன்னைக்கு இந்த உருமா யாரு தலையில ஏறுதோ, அவங்கதான் இந்தக் குடும்பத்துக்கு வாரிசு. அந்தப் பேரத்தான் நான் நாளைக்குத் தொரைகிட்ட குடுப்பேன். எல்லாரும் சாட்சி."

அதற்காகத்தான் காத்திருந்தேன். நிஷாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். மணையில் உட்கார வைத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவளைக்கூட இல்லை, தாலி அறுத்தவள் நடுவாசலில் நிற்பதை.

"அண்ணே, கட்டுங்க."

அண்ணன் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "பொம்பளப் புள்ளைக்கு எப்படிம்மா…"

"மச்சான் மொறைக்கு மோகனுக்குக் கட்ட வந்தீங்கதானே? தாய்மாமன் மருமகளுக்குக் கட்டக் கூடாதா?"

த. சொன்னார், "தங்கச்சி, துக்கத்துல ஏதோ…"

"ஒங்க வாயாலதான சொன்னீங்க, யாரு தலையில ஏறுதோன்னு? இல்லன்னா மோகன் பேருக்கு ரெண்டாவது வீடு எப்படி வரும்னு இங்கயே சொல்லுங்க. அது அப்பறம் யாருக்குப் போகும்னும் சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க."

பின்னால் யாரோ ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு பாக்கியம் அக்கா, "கட்டுங்கண்ணே, நேரம் போவுது!" மோகன் வந்து நிஷாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அண்ணன் கட்டினார். கோணலாக. பிள்ளைக்குக் காது இரண்டும் மறைந்துவிட்டது. அவர் தலைதான் அவளுக்கும். நாளைக்கு நானும் நிஷாவும் மோகனும் த.வோடு தொரை பங்களாவுக்குப் போகிறோம். வாசலோடு நிற்க மாட்டோம், உள்ளே.

பந்தியில் த. உட்காரவில்லை. வேலை இருக்கிறது என்று போய்விட்டார். சோறு போட்ட இலை அப்படியே கிடந்தது. நான் உட்கார்ந்து தின்றேன். எல்லாம் தின்றேன். பசித்தது.