வெள்ளைக் காளானில் என் பாதி

சூரியநெல்லி,
வியாழன்.

மதினிக்கு,

நான்தான். கிழித்துப் போடாமல் படியுங்கள். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் தாள்.

நேற்று மழை விட்டதும் சோலைக்குள் போனேன். விழுந்து கிடக்கும் நம் மரத்தில் வெள்ளைக் காளான் பூத்திருந்தது, குடையெல்லாம் கஞ்சி தடவியதுபோல் பிசுபிசுவென்று. ஆனால் பாதிதான் இருந்தது. மீதியைக் கத்தியால் அறுத்த தடம் புதிதாகத் தெரிந்தது. அந்த இடம் நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. “மொதல்ல போறவ பாதிய விட்டுட்டு வரணும், கேட்டியா” என்பது நீங்கள் வைத்த சட்டம்.

மூன்று வருடம் பேசாமல் இருந்தும் எனக்குப் பாதி விட்டிருக்கிறீர்கள். என் மகள் கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அந்த மரம் மக்கிவிட்டது, விரல் பட்டாலே உதிர்கிறது. அடுத்த மழைக்கு அதில் ஒன்றும் முளைக்காது. இன்னொரு பெரிய மரம் விழுந்திருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறேன். இடத்தை எழுத மாட்டேன். கடிதம் அண்ணன் கையில் கிடைத்தால் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பேன். கத்தியை மட்டும் கொண்டு வாருங்கள். இனி நம் இருவருக்கும் ஒரு கூடை போதும்.

இன்னும் உங்கள் நாத்தனார்தான்.