குரல் கரகரத்தால்

சௌஜன்யா அக்கா,

பதினொரு மணிக்கு உன் இன்டர்வியூ. கம்ப்யூட்டர் இப்போது ஒழுங்காக இருக்கிறது. ஏன் என்றுதான் புரியவில்லை.

"ராத்திரி வேலைய விட்டே, இப்ப என் கம்ப்யூட்டரையும் கெடுத்துட்டியாடா?" என்று நேற்று கத்தினாயே, கெடுத்தது நான் இல்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கட்டும் என்று அப்பா கம்ப்யூட்டரைக் கரண்ட் மிச்சம் பிடிக்கும் பவர் சேவரில் போட்டிருக்கிறார். கேட்டால், "எனக்கு ஃபேன் ஓட வேணாமா?" என்கிறார்.

அதனால்தான் குரல் கரகரத்து, படம் நின்று நின்று வருகிறது என்று நினைத்து மாற்றினேன். அப்படியும் கரகரத்தது. சும்மா இருக்கும் கேமராவைத் தூங்க வைக்கும் வசதியையும் நிறுத்தி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டேன். சரியாகிவிட்டது. எதனால் என்று கேட்காதே. நீ எதையும் தொடாதே. வீட்டில் ஒருவருக்காவது சம்பளம் வரட்டும்.

பெசரட்டு சுடப் பச்சைப்பயறு மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. வெறும் வயிற்றோடு பேச உட்காராதே. நான் மாதாப்பூர் போய் ஆபீஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

வம்சி

நடுவில் கரண்ட் போனால் ஃபேனை நிறுத்திவிடு. அப்பாவுக்குக் கொஞ்சம் வியர்க்கட்டும்.

இன்னொன்று. என் போனை உன் மேசையில் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் காலை வாரினால் அதில் பேசு. என்னைத் திட்டுவதானால் நான் வரும்வரை பொறுத்துக்கொள்.