நடுத்தரச் செலவில் யார்க்

இன்று காலை குளிர் தாங்காமல் தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. மேலாக இருந்தது எனக்கு நீ பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். பெங்களூர்க் குளிருக்கு அது அதிகம். நீ அதை இந்த ஊருக்காகப் பின்னவும் இல்லை. போட்டுக்கொள்ளலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். உன்னைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யத் தெரியாதவன் நான். மடித்து உள்ளேயே வைத்துவிட்டேன்.

நம் மகன் இங்கிலாந்தில் யார்க் நகரத்து ரயில்பெட்டிப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போன முதல் வருடமே அந்த ஊரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அனுப்பினான். மேலே ஏறி நடக்கக்கூடிய பழைய கோட்டை மதில், பிரம்மாண்டமான தேவாலயம், ஊர் நடுவே ஓர் ஆறு. கூடவே உனக்கு ஒரு வரி: “ராஜா மாதிரியும் வேணாம், பிச்சைக்காரன் மாதிரியும் வேணாம். நடுத்தரமா ஒரு வாரம் வந்து பாத்துட்டுப் போங்கம்மா.”

அன்று சாயங்காலமே என் கையில் பென்சிலைக் கொடுத்தாய். “ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டீங்க. நம்ம வீட்டுக்கு ஒண்ணு போடுங்க.”

பட்டியலில் பெரிய ஹோட்டலைக் கோடு போட்டு அடித்தேன், மாணவர் விடுதியையும் அடித்தேன். மிஞ்சியவை காலை உணவோடு அறை தரும் வீடுகள். ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங். நம் பழைய அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி போல, ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. நயா பைசா வந்த பிறகும் நம் வீட்டில் அணாக் கணக்கு சாகாமல் இருந்தது யார்க்கினால்தான்.

“காலைல என்ன குடுப்பாங்க?” என்று கேட்டாய்.

“முட்டையும் பன்றிக்கறியும்.”

“அப்ப அதுக்கு உண்டான காசக் கழிச்சுக்கச் சொல்லுங்க.”

“கழிக்க மாட்டாங்க.”

“கேட்டாத்தானே தெரியும். நீங்க எங்க, வாயத் தொறந்து ஒருத்தர ஒண்ணு கேட்டிருக்கீங்க?”

இரண்டாவது குளிர்காலத்தில் தந்தி வந்தது. நிமோனியா. அவன் குடியிருந்த வீட்டுக்கார அம்மாளும் கூட வேலை பார்த்த பையன்களும் அவனைத் தகனம் செய்து, சாம்பலை அந்த ஆற்றிலேயே கரைத்துவிட்டதாகப் பிறகு கடிதம் வந்தது. நல்ல மனிதர்கள். நம்மைக் கேட்க அவகாசம் இருந்திருக்காது.

காரியமெல்லாம் முடிந்தபின் கணக்குத் தாளைக் கிழிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். “அந்த ஆத்தப் பாக்கணும்” என்றாய். தாளில் ‘கருமாதி’ என்று ஒரு தலைப்பைச் சேர்த்தேன். அழிக்கச் சொன்னாய். “அழறதுக்குப் போறோம்னு எழுதினா எனக்குக் கால் எழும்பாதுங்க. ஊர் பாக்கப் போறோம்னே இருக்கட்டும்.” மதிலும் தேவாலயமும் அப்படியே இருந்தன. படகுக் கூலி என்று ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

தொம்மலூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம். ஆனால் கையில் ரூபாய் இருந்தால் போதாது, அதை இங்கிலாந்துப் பவுனாக மாற்ற சர்க்கார் அனுமதி வேண்டும் என்றார்கள். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில், உன் சொற்படி, ஊர் பார்த்தல் என்று எழுதினேன்.

அந்த அலுவலகத்துக் கன்னடக்கார இளைஞர் மரியாதையானவர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஊர் சுத்திப் பாக்கறதுக்கா? ஆகோல்ல சார், முடியாது. படிப்பு, வைத்தியம், அப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். நீ என் முழங்கையைத் தொட்டாய். மூடிக்கொண்டேன்.

அவருக்கு நம்மை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. “அங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?”

“மகன் இருக்கான்” என்றாய்.

அவர் முகம் மலர்ந்தது. “மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா? அப்பா அம்மா செலவ நான் ஏத்துக்கறேன்னு அவர ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க. அஷ்டே சாகு.”

அவ்வளவு போதும் என்கிறார். பிறந்தது முதல் கன்னடம் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் அன்று அந்த ‘சாகு’ என் காதில் தமிழாகத்தான் விழுந்தது.

“சொல்றேன் தம்பி” என்று எழுந்துகொண்டாய்.

கப்பன் பார்க் வழியாக நடந்தோம். “அவனுக்குக் கடுதாசி எழுதறதுன்னாலே சோம்பல்” என்றாய். சிரிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். மூங்கில் புதரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தந்தி வந்த நாளில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாய். நான் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மறுநாள் நான் மட்டும் போய் அவரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் நீ அழிக்கச் சொன்ன தலைப்பை உனக்குத் தெரியாமல் திரும்ப எழுதியதாகும். எது சரி என்று இன்னும் எனக்குப் புலப்படவில்லை.

மனை விற்ற பணம் உன் வைத்தியத்தில் போயிற்று. உன்னை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரியில் கரைத்தபோது, எல்லா ஆறும் ஒரே கடலில்தான் சேருகிறது என்று புரோகிதர் ஆறுதல் சொன்னார். வீட்டுக்கு வந்து நிலப்படத்தை விரித்துப் பார்த்தேன். வேறு வேறு கடல்.

இந்த வருடம் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். நாம் போட்ட கணக்கெல்லாம் தப்பாகிவிட்டது. பெட்டியை மூடிய பிறகு, புதிய விலையில் ஓர் ஆளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுத்தரம்தான். காலை உணவைக் கழிக்கவில்லை, யாரைக் கேட்பது? படகுக் கூலியை விடவில்லை. எங்கும் போகாத கணக்கு என்று தெரிந்தேதான் கூட்டினேன்.

தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இன்னும் எழுந்து வாசலுக்குப் போகிறேன். அவன் சோம்பேறி, சரி. இப்போது நீயும் அந்தப் பக்கம்தானே இருக்கிறாய். இவர் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வரி எழுது. அஷ்டே சாகு.