கோதையின் அளவுக்கு ஒரு சைக்கிள்

அக்கா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. உன்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகும் ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். எழுத என்ன இருந்தது? இது உன்னிடம் வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் இதைச் சொல்ல இந்த வீட்டில் எனக்கு வேறு ஆள் இல்லை.

கூடத்தில் உன் மகளின் புது சைக்கிள் நிற்கிறது. வீடு முழுக்கப் புது ரப்பர் வாசம், அதோடு எலுமிச்சை வாசம். அம்மா அதை வாசலிலேயே நிறுத்தி, ஹேண்டில்பாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்சக்கரத்தால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகுதான் உள்ளே விட்டாள். மலைப்பாதைக்கான டயர் என்பதால் கட்டை கட்டையாகப் பற்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னோடு பேச வேண்டும் போல இருந்தது.

சின்ன வயசில், அப்பா மில்லிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தியதும் நீ அதைத் தள்ளிக்கொண்டு ஓடுவாய். சீட்டில் ஏறினால் உனக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து, குரங்கு பெடல் போட்டு ஓட்டுவாய். நான் பின்னால் கேரியரில். "ஏட்டி, விழுந்தாலும் அம்மாட்ட சொல்லக் கூடாது, ஆமா!" என்று விழுவதற்கு முன்பே சத்தியம் வாங்கிக்கொள்வாய். நாம் விழுவோம். நான் சொல்ல மாட்டேன்.

நம் வீட்டில் எல்லாமே பெரிதாகத்தான் வாங்குவார்கள். உன் யூனிஃபார்ம் முதல் வருஷம் உனக்குத் தொளதொளவென்று இருக்கும். அது உனக்குச் சரியாக வரும்போது சாயம் போயிருக்கும். பிறகு எனக்கு வரும், மறுபடியும் தொளதொளவென்று. "வளந்தா சரியாப் போயிரும்" என்பாள் அம்மா. நான் வளர்ந்து முடிப்பதற்குள் அது கிழிந்துவிடும்.

நீயும் அம்மாவின் மகள்தானே. கோதை மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்கு வாங்கிய முதல் கியர் சைக்கிளைப் பெரிதாகத்தான் வாங்கினாய். குழந்தை நுனிக்காலில் தத்தளித்தது. தெருமுனை இறக்கத்தில் பிரேக்குக்கு விரல் எட்டாமல் போய்ச் சுவரில் மோதி, உதடு கிழிந்தது. தையல் போட்டுக் கூட்டி வந்த அன்று, அவளை மடியில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "அடுத்த சைக்கிளு நீ போயி எடு ஏட்டி. எங்கண்ணுக்கு அளவே தெரிய மாட்டேங்கு."

அந்தச் சைக்கிளுக்கு அவள் வளர்ந்து, பழகி, உன் கண் முன்னாலேயே பந்தயம் ஓட்ட ஆரம்பித்தாள். பிறகு அதையும் தாண்டி வளர்ந்துவிட்டாள். அதைப் பார்க்க நீ இல்லை. காய்ச்சல் என்று படுத்தாய். அதற்குமேல் அதைப் பற்றி என்னால் இப்போதும் எழுத முடியவில்லை.

போன மாதம் பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். ஏற்றத்தில் கோதைதான் முன்னால் இருந்தாள். இறக்கத்தில் திரும்பும்போதெல்லாம் முட்டி ஹேண்டில்பாரில் இடித்து, அவளால் வண்டியை ஒடிக்க முடியவில்லை. இரண்டாவதாக வந்தாள். முகமெல்லாம் செம்மண், பல் மட்டும் வெள்ளை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் இரண்டு முட்டியும் கன்றிப் போயிருந்ததைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"பாரு, பெத்தவ கணக்காப் பாக்கா" என்றாள். என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

அக்கா, இந்த வாக்கியத்தில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் முதல் திதிக்கு முன்னால், ஒரு காலையில் அம்மா அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அவ வந்தாட்டி" என்றாள். "பச்சைச் சேல கட்டிக்கிட்டு, ஈரத் தலையோட வாசல்ல நிக்கா. உள்ள வாட்டின்னா வர மாட்டேங்கா. எம்மா, எம் புள்ளையவும் அவரையும் இவ கையில குடுத்துருன்னு சொன்னா. பொறவு ஆளக் காணோம்."

மாலைக்குள் அந்தக் கனவு பட்டாளத்தில் இருக்கும் அத்தான் வரைக்கும் போனில் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தான் அழுதாராம். "அவளே சொன்ன பொறவு நான் என்னத்தச் சொல்ல?" என்றாராம். தை மாத விடுப்பில் அவர் வரும்போது முடித்துவிடுவதாகப் பேச்சு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. நீதான் சொல்லிவிட்டாயே.

உயிரோடு இருப்பவர்கள் சொன்னால் மறுக்க ஒரு வழி இருக்கும். சாப்பிடாமல் படுத்துக்கொள்ளலாம். முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். கனவில் வந்து சொன்னவளை நான் எங்கே போய்ப் பார்த்து, எப்படி மறுப்பது? நான் வேண்டாம் என்றால் அத்தானை வேண்டாம் என்றதாக ஆகாது. உன்னை வேண்டாம் என்றதாக ஆகும்.

அத்தான் நல்லவர். அதைச் சொல்லாவிட்டால் பாவம். முன்பெல்லாம் வீடியோ காலில், "என்ன ஃபிசிக்ஸ் மேடம், வடக்க இம்புட்டு குளுருதே, தெக்க வெயிலக் கொஞ்சம் பார்சல் பண்ணக் கூடாதா?" என்று வம்பிழுப்பார். இப்போது என் முகம் தெரிந்தால், "கோதைட்ட குடு" என்று வேறு பக்கம் பார்க்கிறார். என் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். அவருக்கும் அந்தக் கனவிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. "வேற ஒருத்தி வந்தா எம் பேத்திய எங்கண்ணுல காட்டுவாளா?" என்று கேட்கிறாள். நியாயமான பயம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. கோதை என் பக்கத்தில்தான் படுக்கிறாள். தூக்கத்தில் அவள் கால் பெடல் மிதிப்பதுபோல் அசைவதை நான்தான் பார்க்கிறேன்.

தேவதானத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். என் முகம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. "என்னட்டி பெரிய இவளாட்டம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சின்னதுலருந்து அக்கா துணியத்தான போட்டு வளந்த? இது மட்டும் ஒனக்குப் புதுசா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொல்லையில் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

எனக்கு மனசில் வேறு யாரும் இல்லை அக்கா. பெரிய கனவு என்றும் ஒன்றும் இல்லை. ஃபிசிக்ஸில் டிகிரி முடித்தேன், மில் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் உன் வாழ்க்கையை மடித்து என் கையில் கொடுக்கிறார்கள்.

சைக்கிள் எடுக்க அத்தான் பணம் அனுப்பியபோதுதான் நிலைமை எனக்கு முழுதாகப் புரிந்தது. பார்த்துப் பார்த்து எடுத்தால், "பெத்தவ கணக்காப் பாக்கா" என்பதற்கு இன்னொரு சாட்சி. ஏனோதானோவென்று எடுத்தால் இறக்கத்தில் விழப்போவது கோதை. ஒரு நாள் முழுக்க எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் அவளைச் சுவரோடு நிறுத்தி, கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தைப் பிடித்து, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். நான், கோதை, அம்மா. கடைக்காரர் முதலில் இழுத்துவந்தது கடையிலேயே பெரிய வண்டி.

"வளர்ற புள்ளதான? இத எடுத்தா காலேஜ் வரைக்கும் கவலையில்ல."

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் அம்மா.

கோதை ஏறினாள். ஏறியதும் அவள் முகம் இறுகியது. பழைய சுவர் ஞாபகம் வந்திருக்கும். இறங்கி, பாருக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கச் சொன்னேன். பாதம் முழுசாகத் தரையில் படும்போது பார் அவளை இடித்தது. பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். விரல் நுனி மட்டும்தான் எட்டியது.

"இது வேண்டாம்" என்றேன். என் குரல் அந்தக் கடையில் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. உனக்குத்தான் தெரியுமே, புடவைக் கடையில்கூட எடுத்துப் போட்டதையே வாங்கிக்கொண்டு வருகிறவள் நான்.

"சின்னதா எடுத்தா மறு வருசம் மாத்தணுமேம்மா" என்றார் அவர்.

"சின்னது வேண்டாம். அவ அளவுக்கு வேணும். சீட்டுத் தண்டு மேல ஏத்த எடம் இருக்கணும். இவ வளர வளர ஏத்திக்கிடலாம்."

அடுத்து, முன்னால் பெரிய ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த பளபள வண்டி ஒன்றைக் காட்டினார். கோதையை முழு எடையோடு சாய்ந்து அழுத்தச் சொன்னேன். அவள் எடைக்கு அது அசையவே இல்லை. கனம் மட்டும்தான் மிச்சம். ஏற்றத்தில் அதைச் சுமக்கப்போவது அவள். கடைசியில் ஓரத்தில் நின்ற, பார்க்கச் சாதாரணமான, தூக்கினால் லேசான ஒன்றைப் பிடித்தோம். அதன் பிரேக் லீவரில் இருந்த சின்ன திருகைத் திருகி, அவள் விரலுக்குக் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னேன். கோதை ஏறி உட்கார்ந்தாள். தோள் இறங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைக்காரரும் சிரித்தார். "வாற அம்மா எல்லாரும் பெருசாத்தான் கேப்பாக. நீங்கதாம்மா புள்ள அளவு பாக்கீக."

கோதை பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், டிக் டிக் டிக் என்று. "அம்மா இல்ல, சித்தி" என்றாள்.

"இப்பத்தான் சித்தி" என்றாள் என் அம்மா. "தை பொறந்தா அம்மா."

பெடல் சத்தம் நின்றது.

"நல்ல காரியம், நல்ல காரியம்" என்று கடைக்காரர் பில் போடப் போனார்.

சைக்கிளைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றினோம். அம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நானும் கோதையும். ஊர் தாண்டியதும் மேற்கே மலை தெரிந்தது. கோதை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, எனக்கு முன்னாடியே தெரியும். அம்மாச்சி போன்ல பேசுனதக் கேட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நான் சொல்லிப் பாத்தேன் சித்தி. ப்ராக்டிஸ்ல மேடு ஏறும்போது, யாரும் பக்கத்துல இல்லாதப்ப. ஒங்கள நெனச்சுக்கிட்டு அம்மா, அம்மான்னு. வர மாட்டேங்கு." காற்றில் முடி அவள் வாயில் புகுந்தது, துப்பிவிட்டுக் கேட்டாள்: "ஒங்களுக்குக் கோவமா?"

"இல்லட்டி."

"சித்தின்னா தானா வருது."

ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. சைக்கிள் ஆடியது. இரண்டு பேரும் இறுக்கிப் பிடித்தோம். அவள் குழந்தைதானே, அடுத்த நிமிஷமே, "சீட்ட இப்ப எம்புட்டு ஏத்தலாம்?" என்று கேட்டாள்.

அக்கா, அவளை நான் விடமாட்டேன். யாரைக் கட்டினாலும், கட்டாவிட்டாலும், எந்த ஊரில் இருந்தாலும், அவள் கால் எட்டுகிறதா, விரல் எட்டுகிறதா என்று என் கண் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். நீ என் கையில் கொடுத்தது அது. தையல் போட்ட அன்று நீயே, உன் வாயால், என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தது. என்னிடம் ஒன்று வேண்டும் என்றால் நீ நேராகத்தான் கேட்பாய். அம்மாவிடம் சொல்லி அனுப்பியதே இல்லை.

ஆள் விட்டுக் கேட்டதெல்லாம் நான்தான், அம்மாவிடம். உன் வழியாக. கல்லூரியில் இடம் கிடைத்த அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாய், கோதைக்கு மூன்று வயது. "எம்மா, என்னத்தான் பன்னெண்டாப்போட கட்டிக் குடுத்துட்ட. அது ஒனக்குப் போதாதா? இவ படிக்கட்டும்" என்றாய். அம்மா கத்தினாள், கரண்டியைப் போட்டாள். நீ அசையவில்லை, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே நின்றாய். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே, "என்னமோ பண்ணுங்க" என்றாள். மில் வேலைக்குப் போகவும் நீதான் பேசினாய். அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று எனக்காக ஒன்று கேட்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நேற்றுக் கடையில் வாய் திறந்தது கோதைக்காக. எனக்காக என்றால் நாக்கு எழ மாட்டேன் என்கிறது.

அதனால்தான் எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் இதைக் கேட்கத் தயங்கித்தான் சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை எனக்காக அம்மாவிடம் போ. அன்றைக்கு வந்தது நீ இல்லை என்றால், இல்லை என்று சொல். நீதான் என்றால், மனசு மாறிவிட்டது என்று சொல். அவள் கத்தினாலும் அசையாமல் நில். "எம்மா, எம் புள்ளைக்குச் சித்தி இருந்தா போதும். அவள விட்டுரு" என்று சொல்.

தை பிறக்கும் முன்னால் போ, அக்கா.