மேகத்தைக் கலைத்த சொல்

ஆகஸ்ட் 12, 1984. ஞாயிறு.

கடத்தூர் போய்வந்தேன்.

காலையில் நான் அழைத்த மேகம் அரூர் மேல் தாழ இறங்கியது. கேழ்வரகு நாற்று வாடிக் கிடக்கிறது. நான் ஆளும் ஆறு ஊர்ச் சனமும் என் கையையே பார்த்து நின்றது. தூறல் விழுமுன் மேகம் கலைந்துபோனது.

கடத்தூரை ஆளும் மாதப்பனுக்கு மழையைக் கட்டும் வித்தை உண்டு. ஆனால் நான் அழைத்த மழையை அது ஒருநாளும் வென்றதில்லை. என் மேகத்தைக் கலைக்க ஒரே ஒரு சொல்தான் உண்டு. அம்மா எனக்கு மட்டும் சொன்னது. மூன்று வருடமாக நானும் அவரும் வானத்துக்கு எல்லை பேசச் சந்தித்து, எல்லை பேசுவதையே மறந்திருந்தோம். போன மாதம், மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாமல், அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

இன்று அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நீங்கதானுங்களா?" என்றேன்.

"பறிச்ச கடலை பூரா களத்துல காயுதுங்க. உங்க மழை இங்க வரைக்கும் நனைக்கும்."

"ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருந்தா அழைச்சிருக்கவே மாட்டேனே."

"தெரியுமுங்க. ஊர்ச்சனம் முன்னால உங்ககிட்ட கெஞ்சினதா ஆயிடுமேன்னுதான்..."

திரும்பும்போது பஸ் அந்தக் களத்தை ஒட்டித்தான் வந்தது. அங்கேயே மறுபடி மேகத்தை அழைத்திருந்தால், அவர் அந்தச் சொல்லை எடுப்பதற்குள் கடலை நனைந்திருக்கும். கையை மடியில் அழுத்திக்கொண்டேன். அழைக்காமல் விட்டது அவர் ஊர்ச் சனம் பாவம் என்பதால்தான் என்று எழுத உட்கார்ந்தேன். அது பொய். அவருக்காகத்தான். விடிந்ததும் என் சனத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்?